கழுத்தில் முத்து, வாசலில் முத்து



தூத்துக்குடிக்கு வந்து முத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். தெரிந்தேதான் வந்திருக்கிறேன். உங்கள் கடல் தந்த முத்துகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேதத்தில் கிடக்கும் இரண்டு முத்துகளைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஒன்று கழுத்தில் கிடக்கிறது. மற்றொன்று வாசலாக நிற்கிறது. ஒன்றின் பெயர் உலகப் பெருமை. மற்றொன்றின் பெயர் இறைப்பற்று. "கழுத்தில் முத்து, வாசலில் முத்து" என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட தலைப்பு.

திருவெளிப்பாடு நூலைத் திறந்து பாருங்கள். பதினேழாம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். செந்நிற உடை உடுத்தியிருக்கிறாள். பொன் பூண்டிருக்கிறாள், மணி பூண்டிருக்கிறாள், முத்துப் பூண்டிருக்கிறாள். கையில் பொற்கிண்ணம். அவளைச் சுமப்பது ஒரு விலங்கு. தன் அரியணை அசையாது, தனக்குத் துயரம் என்பதே வராது என்று அவள் நெஞ்சுக்குள் நினைத்துக்கொண்டிருப்பதை அடுத்த அதிகாரம் சொல்கிறது. அவள் பெயர் பாபிலோன்.

அங்கிருந்து இருபத்தோராம் அதிகாரத்துக்கு வாருங்கள். இன்னொரு பெண். இவள் மணமகள். இவளும் ஒரு நகரம்தான்; புதிய எருசலேம். அந்த நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல்கள். கிழக்கே மூன்று, வடக்கே மூன்று, தெற்கே மூன்று, மேற்கே மூன்று. ஒவ்வொரு வாசலும் ஒரே முத்தால் ஆனது.

கவனித்தீர்களா? பொன் இரண்டு பேரிடமும் இருக்கிறது. மணி இரண்டு பேரிடமும் இருக்கிறது. முத்தும் இரண்டு பேரிடமும் இருக்கிறது! இந்த நூலை எழுதிய யோவான் முத்தைக் கடலில் தூக்கி எறியச் சொல்லவில்லை. பொன்னைச் சபிக்கவில்லை. அப்படியானால் வேறுபாடு எங்கே? முத்து வைக்கப்பட்ட இடத்தில். அங்கே அது மேனியில் கிடக்கிறது. இங்கே அது வாசலாகிவிட்டது. கழுத்து முத்தைப் பிறர் பார்க்கலாம், அவ்வளவுதான். வாசல் முத்தின் வழியே பிறர் உள்ளே வரலாம். கழுத்து முத்து ஒருத்திக்குச் சொந்தம். வாசல் முத்து வருகிறவர்களுக்கெல்லாம் சொந்தம். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு செய்திதான். மற்றவை எல்லாம் இதற்கு எடுத்துக்காட்டு.

யோவான் சொல்லும் பாபிலோன் எது? ஏழு மலைமேல் அமர்ந்தவள் என்று அவரே குறிப்புக் காட்டுகிறார். ஏழு குன்றுகளின் நகரம் உரோமை. பேரரசின் பெயரைச் சொன்னால் தலை போகும் காலம். ஆகவே பத்மு தீவிலிருந்து பழைய பெயரால் புதிய பேரரசைச் சுட்டுகிறார். அறிஞர் பலர் இந்த நூலைக் கி.பி. 95-ஐ ஒட்டிய காலத்தில் வைக்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால், அதே உரோமையில், பிளினி என்ற அறிஞர் தம் கண்ணால் பார்த்த ஒரு சீமாட்டியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

அவள் பெயர் லொல்லியா பவுலினா. பேரரசன் கலிகுலாவுக்கு ஒருகாலத்தில் மனைவியாக இருந்தவள். அரசு விழா ஒன்றும் இல்லை; சாதாரண நிச்சயதார்த்த விருந்து. அதற்கு அவள் மரகதமும் முத்தும் மாற்றி மாற்றிக் கோத்து வந்தாள். தலையில், கூந்தலில், காதில், கழுத்தில், விரலில். மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ் காசு. அதுகூடப் பரவாயில்லை. யாராவது ஐயப்பட்டால் காட்டுவதற்குக் கணக்குச் சீட்டும் தயாராக வைத்திருந்தாளாம்! அவளுடைய பாட்டனார் ஆளப்போன மாகாணங்களைச் சுரண்டிச் சேர்த்த சொத்து அது என்றும் பிளினி எழுதுகிறார். யோவான் காட்டிய பெண்ணும் பிளினி காட்டிய பெண்ணும் எத்தனை நெருக்கமாக நிற்கிறார்கள், பாருங்கள்.

உரோமைக்கு முத்துப் போன துறைகளில் ஒன்று எது? நம்முடைய கொற்கை! சொன்னவுடன் நமக்கு மார்பு விரிகிறது. மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். உரோமைச் சீமாட்டிகளின் காதில் ஆடியது எங்கள் முத்து என்கிறோம். ஐயா, ஒரு கேள்வி. அந்த முத்தை எடுத்தது யார்? அதே நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய 'பெரிபுளூஸ்' என்ற வழிநூல் கொற்கை முத்துக்குளிப்பைச் சொல்கிறது. கடலில் இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று அந்த நூல் சொல்கிறது. காதில் ஆடியது நம் முத்து. மூச்சடக்கியது ஒரு கைதி. நாம் எதற்குக் கைதட்டினோம்?

வேதம் இந்தக் கேள்வியை அப்போதே கேட்டுவிட்டது. பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன் விழுகிறாள். விழுந்ததும் அழுகிறவர்கள் யார்? அரசர்கள் அழுகிறார்கள். வணிகர்கள் அழுகிறார்கள். மாலுமிகளும் கப்பல் தலைவர்களும் தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டு அழுகிறார்கள். துறைமுக ஊர்க்காரர்களான உங்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் புரியும். அழுகிறவர்கள் கிட்டே போகவில்லை, தொலைவில் நின்றே அழுகிறார்கள். எதற்காக அழுகிறார்கள்? நகரத்துக்காகவா? இல்லை. இனிச் சரக்கு வாங்க ஆளில்லையே என்று அழுகிறார்கள்!

உடனே அங்கே ஒரு சரக்குப் பட்டியல் வருகிறது. பொன், வெள்ளி, மணி, முத்து என்று தொடங்குகிறது. பட்டு, தந்தம், வெண்கலம், இலவங்கம், சாம்பிராணி, எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, குதிரை, தேர் என்று நீள்கிறது. கடைசிச் சரக்கு என்ன தெரியுமா? மனிதர். மனிதரின் உடலும் உயிரும். பொன்னில் தொடங்கும் பட்டியல் மனிதனில் முடிகிறது. மனிதன் எல்லாச் சரக்குக்கும் பின்னால், மாட்டுக்கும் குதிரைக்கும் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறான். பெருமையின் இலக்கணம் இந்தப் பட்டியலில் இருக்கிறது. எந்தக் கணக்கில் மனிதன் கடைசி வரியில் வருகிறானோ, அந்தக் கணக்கு பாபிலோன் கணக்கு.

இப்போது நம் கடலுக்கு வருவோம். முத்து எப்படி எடுத்தார்கள் என்று இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு இந்தக் கடலில் 1961-உடன் நின்றுபோயிற்று. முத்துநகர் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. இப்போது அந்தப் பெயர்தான் இரவில் சென்னைக்கு ரயிலாக ஓடிக்கொண்டிருக்கிறது!

குளியாள் இடுப்பில் ஒரு துணி. வள்ளத்துக்கு வெளியே நீரில் நிற்கிறார். ஒரு கயிற்றில் கல். அந்தக் கல்லின்மேல் காலை ஊன்றிக்கொள்கிறார். இன்னொரு கயிற்றில் வலைப்பை. மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சைகை காட்டினால் மேலே இருப்பவர் கயிற்றை விடுவார். கல் அவரை இழுத்துக்கொண்டு இறங்கும். ஐந்து பாகம், எட்டுப் பாகம், பத்துப் பாகம். சிப்பி கிடக்கும் கடலடிப் பாரில் கால் பட்டதும் கல்லை விட்டுவிடுவார். அது மேலே போய்விடும். பிறகு அவர் குனிகிறார். நிமிர்ந்து நின்றுகொண்டு சிப்பி பொறுக்க முடியாது, ஐயா. எந்தக் கொம்பனானாலும் கடலடியில் குனிந்துதான் ஆக வேண்டும். கை துழாவுகிறது, பை நிறைகிறது, நெஞ்சு முட்டுகிறது. ஒரு நிமிடம் ஆகுமோ ஆகாதோ, கயிற்றைச் சுண்டுகிறார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கதை முடிந்தது. அதனால்தான் மைத்துனன் கையில் கயிற்றைக் கொடு என்று இந்தக் கரையில் சொல்லிவந்தார்கள். தங்கை தாலிக்கு அவன்தானே காவல்!

மேலே வந்த சிப்பியில் பங்கு எவ்வளவு? ஆங்கில அரசு நடத்திய முத்துக்குளிப்பில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு கடலில் இறங்கியவர்களுக்கு. சிப்பிகளைக் கொட்டில் போட்டு அழுக விடுவார்கள். ஈ மொய்க்கும், புழு நெளியும், நாற்றம் ஊரையே தூக்கும். அந்த அழுகலைக் கழுவி, அலசி, வண்டலில் விரலால் துழாவினால் முத்துக் கிடைக்கும். கிடைக்காமலும் போகும். கழுத்தில் முத்துச் சரம் போட்ட சீமாட்டிக்கு இந்த நாற்றம் தெரியுமா? தெரியாது. தெரிய வேண்டாம் என்பதற்குத்தான் அவள் அவ்வளவு விலை கொடுத்தாள். பெருமை எப்போதும் பொருளை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைக் கழுவிவிடும். இறைப்பற்று வரலாற்றையும் சேர்த்தே ஏந்திக்கொள்ளும்: இது யார் மூச்சு, இது யார் கயிறு என்று கேட்கும்.

அன்பர்களே, துறைமுகங்களின் பெருமை எவ்வளவு நாளைக்கு? தீர் என்ற நகரம் கடல் நடுவே இருந்தது. அதன் தலைவன் தன்னையே கடவுள் என்று எண்ணிக்கொண்டான். எசேக்கியேல் இறைவாக்கினர் அவனுக்கு என்ன சொன்னார்? உன் நகரம் வெறும் பாறையாகும், மீனவர் அதன்மேல் வலை காயப்போடுவார்கள் என்ற கருத்தில் சொன்னார். கி.மு. 332-இல் அலெக்சாந்தர் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாதை போட்டு அந்த நகரத்தைப் பிடித்தான். நமக்கும் ஒரு தீர் உண்டு. பாண்டியரின் பெருந்துறையான கொற்கைக்கு இன்று போய்ப் பாருங்கள். கடல் எங்கோ கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையை மூடிவிட்டது. கப்பல் நின்ற ஊரைச் சுற்றிப் பயிர் நிற்கிறது. கொற்கைக்குப் பின் காயல், காயலுக்குப் பின் தூத்துக்குடி. 1974-இல் பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டு, இன்று வ.உ.சி. பெயர் தாங்கி நிற்கும் இந்தத் துறைமுகத்தையும் கடல்தான் தாங்குகிறது. நம் பெருமை தாங்கவில்லை.

ஆனால் எசேக்கியேல் சொன்னதில் நமக்கு மட்டும் புரியக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. வலை காயப்போடும் இடமாகிவிடுவாய் என்பது தீர் நகருக்குத் தண்டனை. உங்களுக்கு? உங்கள் கடற்கரையின் அன்றாடக் காலை அது! அரண்மனைக்காரனுக்கு எது அவமானமோ, அதுவே இங்கே பிழைப்பு. இறைமகன் தம் முதல் சீடர்களை எங்கே கண்டுபிடித்தார்? வலை வீசிய இடத்தில், வலை பழுதுபார்த்த இடத்தில். புதிய எருசலேமின் அடிக்கற்களில் பன்னிரண்டு திருத்தூதர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களில் பேதுரு மீனவர், அந்திரேயா மீனவர், யாக்கோபு மீனவர், யோவான் மீனவர். முத்து வாசல்களுக்கு அடியில் மீன்பிடித்த கைகளின் பெயர்!

அப்படியானால் வாணிகம் பாவமா? அதுவும் இல்லை. மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் விண்ணரசுக்கு உவமையாக எடுத்துக்கொண்டதே ஒரு முத்து வணிகனைத்தான். நல்ல முத்தைத் தேடி அலைகிறான். ஒன்றைக் காண்கிறான். உள்ளதையெல்லாம் விற்று அதை வாங்குகிறான். கடைத்தெருவில் இருப்பவர்களைக் கேட்கிறேன்: இது வியாபாரமா? கையிருப்பு முழுவதையும் ஒரே முத்தில் போடுகிறவனை நீங்கள் என்ன சொல்வீர்கள்? மறுபடி விற்றானா என்று உவமை சொல்லவே இல்லை. வாங்கிய கணத்தோடு அவன் வணிகன் என்ற அடையாளமே போய்விட்டது. எதை வைத்துத் தன்னைப் பெரியவன் என்று எண்ணினானோ, அதை விற்றுவிட்டான். அந்த இடத்தில் பெருமை முடிகிறது, பற்று தொடங்குகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். பாண்டிய மன்னனைப் பற்றி வியந்து எழுதுகிறார். மன்னன் மார்பில் ஒரு பட்டுக் கயிறு. அதில் பெரிய முத்தும் மாணிக்கமுமாக 104 மணிகள். ஏன் 104? ஒவ்வொரு நாளும் மன்னன் 104 முறை இறைவனை வேண்ட வேண்டும். ஒரு வேண்டுதலுக்கு ஒரு மணி. வெளியிலிருந்து பார்த்தால் அது ஆரம். விரலில் உருண்டால் அது செபமாலை. பார்க்கிற வணிகன் விலை போடுவான். உருட்டுகிறவனுக்கு எண்ணிக்கை மட்டும் தெரியும். அந்த மன்னன் மனத்தில் எது இருந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நம் கழுத்திலும் செபமாலை தொங்குகிறது, உருத்திராக்கம் தொங்குகிறது. அவரவர் விரலை அவரவர் கேட்டுக்கொள்வோம்.

இனி ஒரு காலணிக் கதை. புனித சவேரியார் 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார். கோட்டையில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை. பாரிசில் படித்தவர். இங்கே கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் இந்தக் கரையின் மக்கள் ஆண்டுதோறும் கட்டிய வரியில் 4,000 பணம் போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. காலணிச் செலவுக்கு! இங்கே மூச்சடக்கி எடுத்த முத்து, அங்கே அரசியின் காலில். சவேரியார் அரசியிடம் கேட்டார்: அந்தப் பணத்தை இங்குள்ள உபதேசியார்களுக்குக் கொடுங்கள், விண்ணகம் ஏற இந்தக் கரைக் குழந்தைகளின் செபத்தைவிட நல்ல காலணி தங்களுக்குக் கிடைக்காது என்ற பொருளில் கேட்டார். அரசி இசைந்தாள். காலணியாகப் போய்க்கொண்டிருந்த பணம் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குப் பாடம் ஆயிற்று. சவேரியார் அரசியைத் திட்டவில்லை. பணத்தை இடம் மாற்றினார். கழுத்திலிருந்து வாசலுக்கு மாற்றினார்!

இந்த உண்மை விவிலியத்துக்கு மட்டும் உரியதா? இதே கரையில் தெற்கே போங்கள், திருச்செந்தூர். ஐப்பசியில் அலை ஓரத்தில் சூரசம்காரம். ஆணவமே வடிவான சூரபதுமன் கடைசியில் மாமரமாகக் கடலில் நிற்கிறான். வேல் பிளக்கிறது. பிளந்ததும் சாம்பலானானா? ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். மயில் சுமக்கிறது, சேவல் கூவுகிறது. ஆணவத்தைக்கூட அழிக்காமல் ஊழியத்தில் வைத்தது அந்தப் புராணம். போகிற வழியில் காயல்பட்டினத்தில் கேளுங்கள், திருக்குர்ஆனின் காரூனைச் சொல்வார்கள். பலசாலிகள் கூட்டமே சுமக்கத் திணறும் அளவுக்குக் கருவூலச் சாவிகள். எல்லாம் என் அறிவால் வந்தது என்றான். வீட்டோடு அவனைப் பூமி விழுங்கிற்று. சாவி எத்தனை இருந்தாலென்ன, ஒரு வாசலும் பிறருக்குத் திறக்கவில்லையே!

கடைசியாக நம் வாசலுக்கே வருகிறேன். பனிமய மாதாவின் தங்கத் தேர். 1806-இல் முதன்முதலாக ஓடிய தேர். 2013-இல் ஓடியது, 2023 ஆகஸ்ட் 5 அன்றும் ஓடியது. பொன் தகடு பளபளக்கிறதே, இது மட்டும் பெருமை இல்லையா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? கேள்வி நியாயமானது. தேரில் இருக்கும் தாய் என்ன பாடியவள்? செருக்குற்றோர் சிதறுவார்கள், வலியவர் அரியணையிலிருந்து இறக்கப்படுவார்கள், தாழ்ந்தவர் உயர்வார்கள் என்று பாடியவள் அல்லவா? அந்தப் பாட்டைப் பாடியவளை ஏற்றிவரும் தேரை நம் தற்பெருமைக்கு இழுக்க முடியுமா? பாபிலோனைச் சுமந்தது ஒரு விலங்கு. இந்தத் தேரை இழுப்பது மனிதர் கை. வடத்தில் கைவைக்கும்போது பக்கத்துக் கை யாருடையது என்று கேட்காத வரைக்கும் அது பக்தி. நான் இழுத்தேன், என் தெரு இழுத்தது, என் நன்கொடை பெரிது என்று கேட்கத் தொடங்கினால், அதே பொன் கழுத்துக்கு ஏறிவிடும்.

ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே, நான் யாரையும் நகையைக் கழற்றச் சொல்லவில்லை. வீடு கட்டாதே என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு கேள்விக்கு முன்னால் நிறுத்துங்கள்: இதன் வழியே இன்னொருவர் உள்ளே வர முடியுமா? உங்கள் படிப்பின் வழியே குப்பத்துப் பிள்ளை ஒன்று கல்லூரிக்குள் வர முடியுமா? உங்கள் விசைப்படகின் வருமானத்தில் வலை இழுத்தவனுக்கு நியாயமான பங்கு உண்டா? உப்பளத்தில் கால் வெடித்து நிற்கும் தாய்க்கு உங்கள் கணக்கில் எத்தனையாவது வரி? உங்கள் மகள் திருமண நகை, நகையில்லாமல் மணமேடை ஏற முடியாமல் நிற்கும் பெண்ணுக்கு வழியா, வழி மறிக்கும் சுவரா? உங்கள் கோயில், உங்கள் சங்கம், உங்கள் சாதிப் பெயர் எல்லாம் திறக்கிற கதவா, சாத்துகிற கதவா?

புதிய எருசலேமின் வாசல்கள் ஒருநாளும் அடைக்கப்படுவதில்லை என்று யோவான் எழுதிவைத்துவிட்டார். அடைத்த வாசலில் எத்தனை பெரிய முத்தைப் பதித்தாலும் அது நகைதான், வாசலாகாது. கடலடியில் குனியத் தெரிந்த பரம்பரை நாம். கயிற்றை நம்பிக் கையில் கொடுக்கத் தெரிந்த பரம்பரை நாம். கதவைத் திறக்க மட்டும் தெரியாமல் போகுமா? நாளைக்குப் பொழுது விடிந்ததும் ஒன்றே ஒன்றை எடுங்கள். பணமோ, பதவியோ, படிப்போ, எதுவாகவும் இருக்கட்டும். கழுத்திலிருந்து இறக்குங்கள். வாசலில் வையுங்கள். முதலில் உள்ளே வருகிறவர் யார் என்று பாருங்கள். அவரை அனுப்பியவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.